ஸ்கோபெலெவ் ஷிப்காவில்: கீழ்ப்பாதி வெட்டப்பட்ட ஓர் அணிவகுப்பு

கேள்வி இது: "ரஷ்யத் தளபதி ஸ்கோபெலெவ் வெள்ளைக் குதிரையில் தொப்பியை உயர்த்திப் பிடித்தபடி படைவரிசைக்கு முன்னால் பாய்ந்து செல்லும் ஓவியத்தை ஒரு புத்தக அட்டையில் பார்த்தேன். பிறகு அதே தலைப்பில் இன்னொரு படம் கிடைத்தது. அதில் தளபதி எங்கோ தொலைவில் இருக்கிறார். முன்னால் சடலங்கள் கிடக்கின்றன. இவை இரண்டு ஓவியங்களா? இந்த அணிவகுப்பு உண்மையிலேயே நடந்ததா? இதை வெற்றியைப் போற்றும் படம் என்பதா, போரைக் கண்டிக்கும் படம் என்பதா?"

நீங்கள் பார்த்தது ஒரே ஓவியம். ரஷ்ய ஓவியர் வசீலி வெரெஷ்சாகின் 1878–79 ஆண்டுகளில் வரைந்த "ஷிப்கா – ஷெய்னோவோ: ஸ்கோபெலெவ் ஷிப்காவில்" என்ற எண்ணெய் வண்ண ஓவியம் அது. மாஸ்கோவின் ட்ரெத்யாகோவ் கலைக்கூடத்தில் இருக்கிறது. அகலம் ஏறத்தாழ 3 மீட்டர். உயரம் அதில் பாதி. ஓவியர் இதையே மீண்டும் ஒருமுறை பெரிய அளவில் வரைந்தார். அது செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ரஷ்ய அருங்காட்சியகத்தில் உள்ளது. அந்த இரண்டாம் வடிவத்திலும் முன்புறம் சடலங்களுக்கே உரியது. ஆகவே சடலங்கள் இல்லாமல் தளபதி மட்டும் தெரியும் படம் எதைப் பார்த்தாலும், அது அச்சிட்டவர் தமக்கு வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்தது என்று கொள்ளலாம். தேசப்பெருமை பேசும் நூல்களுக்கு அந்த ஒரு துண்டு மிகவும் வசதியானது. ஆனால் அப்படி வெட்டும்போது ஓவியர் சொன்ன வாக்கியத்தின் எழுவாயே போய்விடுகிறது என்பது என் கருத்து.

முழுப்படத்தைக் கீழிருந்து மேலாகப் பார்ப்போம். கண்ணுக்கு மிக அருகில், மிதிபட்டு அழுக்கேறிய பனித்தரை. அதன்மேல் ரஷ்யரும் துருக்கியருமாக இறந்தவர்கள், விழுந்த கோலத்திலேயே விறைத்துப் போயிருக்கிறார்கள். யாரும் அவர்களை நேராகக் கிடத்தவில்லை, கண்களை மூடவில்லை, கைகளைச் சேர்த்து வைக்கவில்லை. அவர்களைத் தாண்டி வெற்றுப் பனிவெளி. அதற்கும் அப்பால், அடர்நிற மேலங்கிகள் ஒரு பட்டையாகத் தெரியும் படைவரிசை; தலைக்கு மேல் புள்ளிகளாய்ப் பறக்கும் தொப்பிகள்; வரிசையை ஒட்டிப் பாய்ந்து செல்லும் சிறு குதிரைக்கூட்டம்; அதன் தலையில் வெள்ளைக் குதிரை மேல் ஸ்கோபெலெவ். எல்லாவற்றுக்கும் பின்னே பனி மூடிய பால்கன் மலை. தலைப்பில் பெயர் பெற்றிருக்கும் மனிதர் இவ்வளவு பெரிய திரையில் ஒரு விரல் மறைக்கும் அளவு இடத்தில்தான் இருக்கிறார். பெயரற்றவர்களுக்கோ மடங்கிய முழங்கால் வரை தெரியும் நெருக்கம் தரப்பட்டிருக்கிறது.

நிகழ்ச்சி உண்மையில் நடந்ததா என்றால், நடந்தது; ஓவியர் அங்கே இருந்தார். 1877–78 ரஷ்ய–துருக்கியப் போரில் பால்கன் மலைத்தொடரைக் கடக்கும் ஷிப்கா கணவாயை ரஷ்யரும் பல்கேரியத் தொண்டர்படையினரும் கோடையில் பிடித்து, குளிர்காலம் வரை விடாமல் வைத்திருந்தார்கள். கணவாயின் தென்புற அடிவாரத்தில் வெய்சல் பாஷாவின் துருக்கியப் படை ஷிப்கா, ஷெய்னோவோ ஊர்களை ஒட்டி அரண் அமைத்து நின்றது. ஜெனரல் ரதெத்ஸ்கியின் திட்டப்படி இரண்டு படைப்பிரிவுகள் ஆழ்ந்த பனியில் மலைப்பாதைகளில் இறங்கி, எதிரியை இருபுறமும் சூழ வேண்டும்; அவர் நடுவில் கணவாயிலிருந்து தாக்குவார். ஒரு பிரிவுக்கு ஸ்வியதபோல்க்-மீர்ஸ்கி தலைவர், மற்றதற்கு ஸ்கோபெலெவ். முதல் நாள் மீர்ஸ்கியின் படை ஏறத்தாழத் தனியாகவே அடி வாங்கியது. மறுநாள், இன்றைய நாட்காட்டிப்படி 1878 ஜனவரி 9 அன்று, ஸ்கோபெலெவின் படை ஷெய்னோவோ அரண்களுக்குள் புகுந்தது. வெய்சல் பாஷா சரணடைந்தார். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட துருக்கிய வீரர்கள் கைதாயினர். ரஷ்யத் தரப்பில் இறந்தவரும் காயமுற்றவருமாக ஐயாயிரத்துக்கும் மேல். போருக்குப் பின் அணிவகுத்தவர்கள் யார், பனியில் கிடந்தவர்கள் யார் என்ற கணக்கு இந்த எண்களுக்குள்தான் இருக்கிறது.

சரணடைதலுக்குப் பின் நடந்ததை வெரெஷ்சாகினே தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். படைகளின் இடப்புறம் புனித நிக்கோலாஸ் மலைப் பக்கமாகவும், முகப்பு ஷெய்னோவோவை நோக்கியும் இருந்தது. ஸ்கோபெலெவ் திடீரென்று குதிரையைக் குத்தி விரட்டினார். உடன் வந்தவர்களால் அவரை எட்டிப் பிடிப்பதே அரிதாயிற்று. தொப்பியைத் தலைக்கு மேல் உயர்த்தி, தாய்நாட்டின் பெயராலும் பேரரசரின் பெயராலும் "நன்றி, சகோதரர்களே" என்று கணீர்க்குரலில் கூவிக்கொண்டே போனார், கண்களில் நீர். வீரர்களின் களிப்பைச் சொல்லில் அடக்க முடியாது, தொப்பிகள் மேலும் மேலும் உயரப் பறந்தன, "ஹுர்ரா" முழக்கம் ஓயவே இல்லை, பின்னாளில் இதைத்தான் படமாக வரைந்தேன் என்கிறார். ஸ்கோபெலெவுக்குப் பின்னே குதிரையில் தொடர்பவர்களுள் தம்மையும் ஓவியர் வரைந்திருக்கிறார். சாட்சிக் கையொப்பம் என்று அதைச் சொல்லத் தோன்றுகிறது.

இது இராணுவச் சடங்கு என்ற வகையில் என்ன என்பதையும் சொல்ல வேண்டும். படைத்தலைவர் குதிரையில் வரிசையின் முன்னால் சென்று, அரசரின் பெயரால் நன்றி கூறுவது ரஷ்யப் படையில் நெடுநாள் வழக்கம். நன்றிக்கு வீரர்கள் ஒருசேரச் சொல்ல வேண்டிய மறுமொழிகூட வகுக்கப்பட்டிருந்தது. தலைநகரின் அணிவகுப்புத் திடலில் மாதக்கணக்கில் பழகிய ஒழுங்கு அது. போர்க்களத்தில் அந்தச் சடங்கின் எலும்பு மட்டும் எஞ்சுகிறது: ஒரு வரிசை, ஒரு குதிரை, ஒரு சொல். நடைவேகத்தில் போக வேண்டிய குதிரை பாய்கிறது. தலையில் இருக்க வேண்டிய தொப்பி வானத்தில் இருக்கிறது. ஓவியர் இந்த மகிழ்ச்சியைக் கேலி செய்யவில்லை. முந்தைய நாள் சாவுக்கு நடுவே இருந்து இன்று உயிரோடு நிற்பவனுடைய கத்தல் அது. அதில் பொய் இல்லை என்பதை அவர் அறிவார். ஸ்கோபெலெவும் அவருக்கு அந்நியர் அல்லர். மத்திய ஆசியாவின் துருக்கிஸ்தானில் பழகிய நாளிலிருந்தே நண்பர். அந்த நட்பு 1882-இல் ஸ்கோபெலெவ் 38 வயதில் இறக்கும்வரை நீடித்தது. நண்பரின் மிக உயர்ந்த நாளைத்தான் அவர் வரைந்தார். வரையும்போது தம் நிற்குமிடத்தை மட்டும் மாற்றிக்கொண்டார். நிகழ்ச்சியில் அவர் தளபதியின் பின்னால் குதிரையில் இருந்தவர். ஓவியத்திலோ இறந்தவர்களின் பக்கத்தில் நின்று, குதிரையில் போகும் தம்மையே தொலைவிலிருந்து பார்க்கிறார். நம்மையும் அந்த இடத்தில்தான் நிறுத்துகிறார்.

இந்த இடமாற்றம் எவ்வளவு துணிச்சலானது என்பது முன்னோடிகளோடு ஒப்பிட்டால் விளங்கும். பெர்லினில் ஃபிரான்ஸ் க்ரூகர் 1824 முதல் 1830 வரை, அப்போது இளவரசராக இருந்து பின்னர் ரஷ்யப் பேரரசரான நிக்கோலாயின் ஆணைப்படி, ஓபெரா சதுக்க அணிவகுப்பைப் பெரிய திரையில் வரைந்தார். அங்கேயும் அரசர் தொலைவில்தான் இருக்கிறார்; முன்புறத்தில் பெர்லின் நகர மக்கள், பலரை முகம் பார்த்தே அடையாளம் காணும்படி, திரண்டு நிற்கிறார்கள். ஆகவே அரசனைப் பின்னே தள்ளுவது வெரெஷ்சாகினின் கண்டுபிடிப்பு அன்று. முன்னிடத்தை யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் வேறுபாடு. க்ரூகர் அதை வேடிக்கை பார்க்க வந்த குடிமக்களுக்குக் கொடுத்தார். வெரெஷ்சாகின் கொடுத்தவர்களால் வேடிக்கை பார்க்க முடியாது.

இன்னும் நெருங்கிய முன்னோடி ஒன்று உண்டு: அந்துவான் ழான் க்ரோ 1808-இல் வரைந்து, இன்று பாரிஸ் லூவ்ரில் உள்ள "எய்லவ் களத்தில் நெப்போலியன்". அங்கும் பனி, அங்கும் முன்புறத்தில் ஆளுயரத்துக்கும் பெரிய சடலங்கள், அங்கும் குதிரைமேல் வெற்றிபெற்ற தலைவர். ஆனால் நெப்போலியன் படத்தின் நடுவில் இருக்கிறார். ஆசி வழங்குவது போலக் கையை நீட்டுகிறார். காயம்பட்டவர்கள் அவரை நோக்கி எழுகிறார்கள். சாவு எல்லாம் அவருடைய இரக்கத்தைக் காட்டும் பின்னணியாகிவிடுகிறது. க்ரோ அந்தப் போரில் இருந்தவர் அல்லர். அரசு அறிவித்த போட்டிக்காக, தரப்பட்ட விவரங்களை வைத்து வரைந்தார். வெரெஷ்சாகின் இந்த மரபின் நேர் வாரிசு: க்ரோவின் மாணவர் டெலரோஷ், டெலரோஷின் மாணவர் ஜெரோம், ஜெரோமிடம் பாரிஸில் பயின்றவர் வெரெஷ்சாகின். ஷிப்கா ஓவியத்தில் தளபதி இறந்தவர்களைப் பார்க்கவே இல்லை. அவர் முகம் உயிரோடிருப்பவர்கள் பக்கம் இருக்கிறது. முதுகுப்புற வெளி முழுவதும் இறந்தவர்களுடையது. க்ரோவின் ஓவியம் இரண்டையும் ஒரு கையசைவால் இணைத்தது. மூன்று தலைமுறை கழித்து வந்தவர் அந்தக் கையை எடுத்துவிட்டார்.

நம் புறத்திணை மரபில் வெற்றியைப் பாட வாகை, நிலையாமையைப் பாடக் காஞ்சி என்று தனித்தனி இடம் உண்டு. இந்த ஓவியத்தில் இரண்டும் ஒரே பொழுதில், ஒரே நிலத்தில் நடக்கின்றன. ஒன்று மற்றொன்றைக் கேட்பதில்லை.

ஏன் இப்படி வரைந்தார் என்பதற்கு அந்தப் போரில் அவர் பட்டதே போதிய விடை. 1842-இல் செரெப்போவெத்ஸில் பிறந்து, கடற்படைப் பயிற்சிப் பள்ளியில் படித்து, ஓவியத்துக்காக அந்தப் பணியை விட்டவர். 1868-இல் சமர்கந்து கோட்டை முற்றுகையில் துப்பாக்கி ஏந்திப் போரிட்டு, புனித ஜார்ஜ் விருது பெற்றவர்; போர் எது என்று தெரியாமல் பேசியவர் அல்லர். 1877 கோடையில் டான்யூப் ஆற்றில், துருக்கியக் கப்பலைத் தாக்கப் போன "ஷூத்கா" என்ற சிறு வெடிகணைப் படகில் தாமாகவே ஏறிச் சென்று, தொடையில் குண்டடி பட்டு, புக்காரெஸ்ட் மருத்துவமனையில் கிடந்தார். எழுந்து வந்ததும், துருக்கியர் வசமிருந்த பிளெவ்னா நகரின்மேல் ரஷ்யர் நடத்திய மூன்றாம் தாக்குதலைக் கண்டார். அன்று பேரரசர் இரண்டாம் அலெக்ஸாந்தரின் பெயர்த்திருநாள், அதாவது அவர் பெயர் கொண்ட புனிதரின் நாள். பேரரசர் குன்றின்மேல் நாற்காலியில் அமர்ந்து தாக்குதலைப் பார்த்தார். கீழே அந்த ஒரு தாக்குதலில் பல்லாயிரவர் வீழ்ந்தனர். வெரெஷ்சாகினின் தம்பி செர்கேய் அங்கே கொல்லப்பட்டார். இன்னொரு தம்பி அலெக்ஸாந்தர் காயமுற்றார். செர்கேயின் உடலைத் தேடியும் கிடைக்கவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஷிப்கா ஓவியத்தின் முன்புறத்தை மறுபடி பாருங்கள். அந்த உடல்களை அவர் அவ்வளவு கவனமாக, ஒவ்வொன்றையும் வேறு வேறு கோலத்தில் வரைந்ததற்குக் கலைக் காரணம் மட்டும் போதுமா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பெயர்த்திருநாளையும் அவர் "பிளெவ்னா அருகே" என்ற ஓவியமாக்கினார். குன்றின் ஓரத்தில் பேரரசரும் பரிவாரமும், தொலைவில் புகை. அவ்வளவுதான் படம். ஆனால் ஷிப்காவுக்கு உண்மையான இணை, இந்தப் போரைப் பற்றி அவர் வரைந்த அதே ஓவிய வரிசையில் உள்ள "தோற்றவர்கள்: நீத்தார் மன்றாட்டு" என்ற ஓவியம்தான். அதுவும் ஏறத்தாழ 3 மீட்டர் அகலம். பிளெவ்னா அருகே தெலிஷ் என்ற ஊரில் வீழ்ந்த காவற்படை வேட்டுவப் பிரிவினருக்கு நடந்த இறுதி வழிபாடு. கனத்த மேகம், காய்ந்த புல்வெளி, புல்லோடு புல்லாக, அடையாளம் பிரிக்க முடியாதபடி, தொடுவானம் வரை உடல்கள். ஓரத்தில் இரண்டே பேர் நிற்கிறார்கள்: தூபக்கலசத்தை வீசும் பாதிரியார் ஒருவர், அவருக்குப் பின்னால் ஒரு படைவீரர். இதுவும் போர்க்களச் சடங்குதான். நன்றி சொல்லும் சடங்கில் ஆயிரக்கணக்கானோர் கத்துகிறார்கள். வழியனுப்பும் சடங்கில் ஒருவர் சொல்ல, ஒருவர் மறுமொழி கூறுகிறார். அணிவகுத்து நிற்பதோ இறந்தவர்கள். முதலில் வெறும் மஞ்சள் புல் என்று தோன்றி, கண் பழகிய பிறகே உடல் உடலாகத் தெரியத் தொடங்கும் அந்த வெளி, போர் ஓவியங்களில் நான் அறிந்தவற்றுள் மிகவும் கனமானது. "ஸ்கோபெலெவ் ஷிப்காவில்" ஓவியத்தைத் தனியாகப் பார்ப்பவர் பாதியைத்தான் பார்த்திருக்கிறார் என்பேன்.

களத்திலேயே உட்கார்ந்து வரைந்தாரா என்ற ஐயம் பலருக்கு உண்டு. அந்தக் காலத்தில் லண்டன் படப்பத்திரிகைகளுக்காகப் போர்முனை சென்ற ஓவியர்கள் பென்சிலில் விரைவாகக் கோடிழுத்து அஞ்சலில் அனுப்பினார்கள்; ஊரில் செதுக்குநர்கள் அதை மரக்கட்டைத் துண்டுகளில் பகிர்ந்து செதுக்கி, துண்டுகளை முடுக்கி இணைத்து அச்சிட்டார்கள். வாரத்துக்கு ஒரு விழா, வாரத்துக்கு ஒரு தாக்குதல் என்று அவர்கள் தர வேண்டியிருந்தது. அந்த அவசரத்தில் தளபதி நடுவிலும் கொடி அவர் பக்கத்திலும் வந்து நிற்பது இயல்பு. வெரெஷ்சாகின் எந்தப் பத்திரிகைக்கும் கட்டுப்படவில்லை. களத்தில் குறிப்போவியங்கள் எடுத்தார். அவற்றுள் பல வழியில் தொலைந்தன. போர் முடிந்தபின் பல்கேரியாவுக்குத் திரும்பிப் போய், அதே இடங்களை மறுபடி வரைந்தார். பெரிய திரைகளைப் பாரிஸுக்கு அருகே மெஸோன்-லாஃபித்தில் இருந்த தம் பணிமனையில் முடித்தார். வெட்டவெளி ஒளியில் ஆளை நிறுத்தி வரைவதற்காக, சூரியன் நகர நகரத் தண்டவாளத்தில் சுழலும் திறந்த பணிமனை ஒன்றையும் அங்கே அமைத்திருந்தார். ஷிப்காவின் பனிமேல் விழும் ஒளி இவ்வளவு நம்பும்படி இருப்பதற்கு அந்த உழைப்பும் ஒரு காரணம்.

ரஷ்ய அரண்மனை இதை எப்படி எடுத்துக்கொண்டது? 1880-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இந்தப் பால்கன் போர் ஓவிய வரிசை காட்சிக்கு வந்தபோது பெருங்கூட்டம். பட்டத்து இளவரசர், பின்னாளில் மூன்றாம் அலெக்ஸாந்தர் ஆனவர், ஓவியரின் இத்தகைய போக்கு தேசிய மானத்துக்கு அருவருப்பானது என்றும், வரைந்தவர் மிருகமாகவோ பைத்தியமாகவோ இருக்க வேண்டும் என்றும் கடிதத்தில் எழுதினார். இளவரசரும் அதே போரில் படை நடத்தியவர். பார்த்ததை மறுக்க முடியாதவருக்குக் கோபம் இன்னும் கூடுதலாக வரும்.

வெரெஷ்சாகினைக் குறையற்றவர் என்று நான் சொல்லவில்லை. அவர் பெயர் பெற்ற துருக்கிஸ்தான் வரிசை, ரஷ்யப் பேரரசு மத்திய ஆசியாவைப் பிடித்த போரிலிருந்து பிறந்தது. அந்தப் படையோடு சென்றவர் அவர். அங்கே 1872-இல் வரைந்த "வெற்றிவிழா" என்ற ஓவியத்தில் சமர்கந்தின் ஷெர்தோர் மதரசாவின் முன்னால், கம்பங்களில் ரஷ்யர்களின் தலைகள் செருகப்பட்டிருக்க, கூட்டம் கூடி உரை கேட்கிறது. எதிரியின் வெற்றிச் சடங்கை அவ்வளவு பக்கத்திலிருந்து, அவ்வளவு குரூரமாகக் காட்டியவர், வந்து பிடித்தவர்களின் சடங்குகளை அதே கடுமையோடு அப்போது காட்டவில்லை. ஆறு ஆண்டு கழித்து, தம் சொந்தப் படையின் வெற்றிச் சடங்கை வரைய நேர்ந்தபோதுதான் அந்தக் கண் உள்நோக்கித் திரும்பியது. ஷிப்கா ஓவியத்தை நான் மதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சடங்குகளை விரிவாக வரைவதில் அவருக்கு இருந்த ஈடுபாட்டுக்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1876-இல் வேல்ஸ் இளவரசர் ஜெய்ப்பூரில் யானை மேல் ஊர்வலம் போனதை அவர் வரைந்த மாபெரும் திரை, கொல்கத்தா விக்டோரியா நினைவகத்தில் உள்ளது. அங்கே இளவரசரும் யானைகளும் முன்னாலேயே வருகிறார்கள். அது போர்க்களம் அன்று, ஒளித்து வைக்க முன்புறமும் இல்லை.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. வெற்றியைப் போற்றுகிறதா, போரைக் கண்டிக்கிறதா? முழு ஓவியத்தையும் அச்சிட்ட தாள் கிடைத்தால், ஓர் அட்டையால் கீழ்ப்பாதியை மூடிப் பாருங்கள். கம்பீரமான ஒரு வெற்றிப்படம் தெரியும். அதில் ஒரு தூரிகைக் கோடுகூடப் பொய்யில்லை. பிறகு அட்டையை மேலே நகர்த்தி, மேற்பாதியை மூடுங்கள். பனியும் உடல்களும் மட்டும் இருக்கும். அது எந்தப் போர், யார் வென்றார் என்று சொல்ல முடியாது. அட்டையை எடுத்துவிட்டுப் பார்க்கும்போது, தொலைவிலிருந்து வரும் "ஹுர்ரா" முழக்கம் உடல்கள் கிடக்கும் பனியைக் கடந்துதான் நம்மை வந்தடைகிறது. அந்தத் தூரத்தைத்தான் அவர் வரைந்திருக்கிறார். "போர் எதிர்ப்பு" என்ற சொல்லைப் பயன்படுத்துவதில் எனக்கு மறுப்பில்லை, ஸ்கோபெலெவின் கண்ணீரும் வீரர்களின் களிப்பும் போலி என்று அதற்குப் பொருள் கொள்ளாதவரை.

1904 ஏப்ரல் 13 அன்று, ரஷ்ய–ஜப்பானியப் போரில், போர்ட் ஆர்தருக்கு வெளியே கண்ணிவெடியில் மோதிய "பெத்ரோபாவ்லோவ்ஸ்க்" போர்க்கப்பலில் அட்மிரல் மகாரோவோடு வெரெஷ்சாகினும் மூழ்கி இறந்தார். அப்போது அவருக்கு வயது 61. அங்கேயும் வரைவதற்காகத்தான் போயிருந்தார்.